அந்நியனின் அமானிதம்

ஹிஜ்ரி 1447 பிறந்த வாரம். அஸர் தொழுகை முடிந்து, ஓத வந்த பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஏழாயிரம்பண்ணையில் நாம் குடியிருக்கும் வீட்டின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இவ்வூரில் மனு எழுதித் தருவோரில் நாமும் ஒருவர். அரபியும் தமிழும் கற்றவர் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள் என்று எவரோ எப்போதோ கிளப்பிவிட்ட பேச்சினால், முதியோர் உதவித்தொகை முதல் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குத் தகராறு வரை பலவும் நம் திண்ணைக்கு வந்து சேரும்.

அன்று வந்தவர் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றைச் சேர்ந்தவர். பெயிண்ட் அடிக்கும் வேலை செய்பவர். 1990ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர். தம் ஊர் வழக்கப்படி நம்மை ‘மாஸ்டர்’ என்றழைப்பார். மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. உடன் சென்று சேர்த்துவிட்டு இரண்டு நாள் தங்கிவர அனுமதி வேண்டும். மற்றவர்களுக்கு விரைவில் கிடைத்துவிடும் அனுமதி இவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் இழுபடுகிறது. ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு, “உம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது” என்று காதோடு சொன்னாராம். என்ன குறிப்பு, எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதியது என்பது அந்த ஊழியருக்கும் தெரியாது. தம் பெயரே கொண்ட வேறொருவர் முன்பு அதே முகாமில் இருந்ததாகவும், அவர் ஏதோ வழக்கில் சிக்கியதாகவும் இவருக்கு நினைவு. அந்தப் பழி இந்தப் பெயரின் மேல் ஏறிவிட்டதோ என்பது இவருடைய அச்சம்.

“மாஸ்டர், அது எங்கட பேர்தானே? எங்கட பேருக்குப் பக்கத்தில என்ன எழுதிக் கிடக்குது எண்டு நாங்கள் பார்க்கேலாதோ?” என்றார்.

பார்க்கலாம், அதற்கென்றே சட்டம் இருக்கிறது என்று துணிந்து சொல்லிவிட்டோம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்; பத்து ரூபாய்க் கட்டணம்; முப்பது நாளில் பதில். தாளை எடுத்து அனுப்புநர், பெறுநர் எழுதியாயிற்று. இத்தகைய மனுக்களில் நாம் வழக்கமாக எழுதும் முதல் வரி, மனுதாரர் இந்தியக் குடிமகன் என்பது. எழுதுகோல் அங்கே நின்றுவிட்டது. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு அவ்வுரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. நம் எதிரே அமர்ந்திருந்தவரோ முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தும், சட்டத்தின் கணக்கில் அந்நிய நாட்டார்.

அப்படியாயின் குடிமகனாகிய நாமே அவர் பொருட்டுக் கேட்டால் என்ன? அதற்கும் வழியில்லை. பிறர் ஒருவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடலாகாது என்று அச்சட்டத்தின் எட்டாம் பிரிவு தடுக்கிறது. எனவே நாம் கேட்டால், அவருடைய அந்தரங்கத்தைக் காப்பதற்காகத் தர இயலாது என்பார்கள். அவரே கேட்டால், நீர் குடிமகனல்லர் என்பார்கள். எவருடைய அந்தரங்கம் காக்கப்படுகிறதோ அவரிடமிருந்தே அது காக்கப்படுகிறது. இந்த விந்தையை அன்றிரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஓர் அரசு தன் குடிமகனல்லாத ஒருவனைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஏட்டின் மீது அவனுக்கு ஏதேனும் உரிமை உண்டா? இதைச் சட்டக்காரர்களிடம் விட்டுவிடலாமே என்று வாசக அன்பர்கள் கருதக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்நேரம் வேறு நாடுகளின் ஏடுகளில் அந்நியராக எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இது நம் அடுப்பங்கரைக் கேள்வி என்பது விளங்கும். அதற்குப் பின்னர் வருவோம்.

ஏட்டின் அருமையை ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாளில் புகை அடங்குமுன் தேடப்படும் பொருள்களில் ஒன்று வருகைப் பதிவேடு. அன்று வேலைக்கு வந்தவர் யார், எந்த அறையில் இருந்தவர் யார் என்பதை அந்த ஏடு சொல்ல வேண்டும். பெயர் இருந்தால் குடும்பத்துக்கு ஒரு வழி. இல்லாவிட்டால் பிணத்தைக் காட்டி வழக்காட வேண்டும். ஆகவே இங்குள்ளோர் ஏட்டைக் கண்டு அஞ்சுபவர் அல்லர். அதில் தம் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும் என்று விரும்புபவர்.

முகாமில் வாழ்வோரும் அவ்வாறே. நம் விருதுநகர் மாவட்டத்தில் கண்டியாபுரம், ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை முதலிய இடங்களில் முகாம்கள் உண்டு. தமிழகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்வதாக 2021ஆம் ஆண்டுக் கணக்கு. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அகதி என்ற சொல்லின் வடு சற்றே மறையட்டும் என்ற நல்லெண்ணம் அது. உதவித்தொகை, அரிசி, வீடு, பிள்ளைகளின் படிப்புதவி ஆகிய அனைத்தும் முகாம் பதிவின் வழியாகவே வருகின்றன. பதிவு அவர்களுக்கு உயிர்நாடி. ஆனால் அதே பதிவுதான் அவர்களைக் கண்காணிப்பதற்கும் பயன்படுகிறது. ஆள் சரிபார்க்கும் நாளில் இல்லாதவர் உதவித்தொகையை இழப்பதோடு, எங்கே சென்றார் என்ற கேள்விக்கும் ஆளாகிறார். கொடுக்கும் ஏடும் பார்க்கும் ஏடும் ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டிருக்கின்றன.

இஸ்லாமிய வரலாற்றில் அரசுப் பதிவேட்டை முறைப்படுத்தியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில் என்பர் சிலர். 15இல் என்பர் வேறு சிலர். ‘தீவான்’ என்னும் அந்த ஏட்டில் மக்களின் பெயர்கள் குலவாரியாக எழுதப்பட்டன. எழுதியதன் நோக்கம் பங்கு கொடுப்பது. எழுதப்படுதல் என்றால் பெறுதல் என்றே அம்மக்கள் பொருள் கொண்டனர். இக்காலத்து ஏடுகளில் எழுதப்படுவோர் அவ்வாறு பொருள் கொள்ள இயலவில்லை.

அதே உமர் (ரலி) அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் நூல்களில் வழங்குகிறது. இமாம் கஸ்ஸாலியும் இஹ்யாவில் எடுத்தெழுதுகிறார். இரவில் மதீனாவைச் சுற்றி வருகையில் ஒரு வீட்டில் தகாத ஒலி கேட்டு, சுவரேறிக் குதித்து, உள்ளே இருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவனோ, தான் செய்தது ஒரு பிழை என்றால் கலீஃபா செய்தவை மூன்று என்று எடுத்துரைத்தான்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழி வராதது, ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழைந்தது. மூன்றையும் திருமறை விலக்கியிருக்கிறது. கலீஃபா அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நம் ஆசிரியப் பெருந்தகை இதனைச் சொல்லும்போதெல்லாம், அவன் குற்றவாளிதான், ஆனால் அவனுக்கும் கதவு உண்டு என்பார்.

நம் நாட்டு அரசமைப்பு இந்தக் கதவை அந்நியனுக்கு மூடிவிடவில்லை. பேச்சுரிமை முதலியவற்றைக் கூறும் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு உரியது. சட்டத்தின் முன் சமத்துவம் கூறும் 14ஆம் உறுப்பும், உயிரையும் உரிமை வாழ்வையும் காக்கும் 21ஆம் உறுப்பும் ‘எந்த மனிதருக்கும்’ என்ற பொருளில் அமைந்தவை. 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில், குடிமகனல்லாதவனின் உயிரையும் அரசு காத்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2000ஆம் ஆண்டில், ஹவுரா நிலையத்தில் கொடுமைக்குள்ளான வங்கதேசப் பெண்மணிக்கு ரயில்வே ஈடு வழங்க வேண்டும் என்றும் அதே உறுப்பின் வழியாகவே தீர்த்தது. பிறகு 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது 21ஆம் உறுப்புக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்றனர். 21ஆம் உறுப்பு மனிதர் அனைவருக்கும் உரியதாயின், அதற்குள் அடங்கிய அந்தரங்கமும் மனிதர் அனைவருக்கும் உரியதே. இதில் நமக்கு ஐயம் தோன்றவில்லை.

ஆனால் உரிமை மேலே இருக்கிறது. அதனைப் பற்றி இறங்கும் படிக்கட்டு இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமகன், அந்நியன் என்று பிரிக்கவில்லை, அது பாராட்டுக்குரியது. எனினும் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் அது தரும் உரிமை, இசைவு கொடுத்தோ தானே விரும்பியோ தகவல் தந்தவருக்கு உரியது. சட்டத்தின் கட்டாயத்தால் தந்தவருக்கு அந்த வழி திறக்கவில்லை. அரசின் பாதுகாப்பு அமைப்புகளை ஓர் அறிவிப்பால் முற்றிலும் விலக்கி வைக்கவும் அதில் இடமுண்டு. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளிவந்தபோது, முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசமும் தரப்பட்டது. அதே நேரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவிலிருந்த அந்தரங்கத் தடையும் இன்னும் இறுக்கமாக்கப்பட்டது.

இன்னொரு புறம், 2025 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டார் சட்டம், 1946ஆம் ஆண்டின் பழைய வெளிநாட்டார் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அந்நியர் தங்கும் விடுதி, படிக்கும் கல்லூரி, படுத்திருக்கும் மருத்துவமனை ஆகியவை அவர்களைப் பற்றிய விவரங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது, நற்செய்திதான். அந்த விலக்கும் பதிவு செய்தவர்களுக்கே. மீண்டும் ஏடு, மீண்டும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி.

பிறந்த நாள் ஒன்று ஏட்டில் சரியாக இருந்தால் ஒரு மனித வாழ்வு எப்படி மாறும் என்பதற்கு 2022 ஆகஸ்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வந்த தீர்ப்பு ஒரு சான்று. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணி கடவுச்சீட்டுக் கேட்டார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். பிறப்புச் சான்று அவர் கையில் இருந்தது, வென்றார். அகதி என்று நெடுங்காலம் எண்ணப்பட்டவர், பிறந்த நாள் முதலே குடிமகளாக இருந்திருக்கிறார்! அந்தத் தேதி தவறாக எழுதப்பட்டிருந்து, அதைப் பார்க்கவும் அவருக்கு வழியில்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்?

நிற்க. சட்டத்தைப் போதிய அளவு பேசியாயிற்று. நாம் சட்டம் கற்றவரல்லர். ஹதீஸும் ஃபிக்ஹும் ஓதியவர். பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் குறிப்பைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகச் சிந்தித்திருக்கின்றனர் என்பதையே நாம் சொல்ல விழைகிறோம்.

ஹதீஸ் கலையில் ‘இல்முர் ரிஜால்’ என்றொரு பெருந்துறை உண்டு. ஆயிரமாயிரம் அறிவிப்பாளர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நம்பத்தக்கவர், மறதியாளர், பலவீனமானவர், பொய்யர் என்று குறிப்பு எழுதி வைத்தனர் அறிஞர். உலகில் அதற்குமுன் இத்துணை மனிதரைப் பற்றி இத்துணைக் குறிப்பு எழுதியவர் உண்டோ என ஐயுறுகிறோம். ஒருவனைக் குறை கூறுவது புறமாகாதோ என்று அஞ்சி அஞ்சியே அவர்கள் இதனைச் செய்தனர். அஞ்சியதால் விதிகளும் வகுத்தனர். ஒருவரைக் குறைகூறும் குறிப்புக்குக் காரணம் விளக்கப்பட்டிருக்க வேண்டும். காரணமில்லாத குறை ஏற்கத்தக்கதன்று என்றார் இப்னுஸ் ஸலாஹ். ஏனெனில், ஒருவர் குறை என்று கருதுவது மற்றொருவருக்குக் குறையாகவே தோன்றாமலிருக்கலாம். எழுதியவர் யார் என்பதும் மறைவன்று. இன்னார் இன்னாரைப் பற்றி இவ்வாறு கூறினார் என்று பெயரோடு நிற்கும். பின்வந்தவர் அதனை மறுத்து எழுதலாம், எழுதினர்.

பெயர் ஒன்றாகி ஆள் வேறாகும் இக்கட்டையும் அவர்கள் மறந்தாரில்லை. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதி, ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்ட வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டவென்றே ‘அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்’ என்று தனி நூல் யாத்தார். ஒருவனுடைய பழி மற்றவன் தலையில் ஏறிவிடக்கூடாது என்ற கவலைக்கு எழுந்த நூல் அது. பாக்தாதில் எண்ணெய் விளக்கடியில் ஒரு தனிமனிதர் பட்ட அந்தக் கவலையை, கணிப்பொறி வைத்திருக்கும் இன்றைய அலுவலகங்கள் ஏன் படக்கூடாது? நம் திண்ணைக்கு வந்த பெயிண்டருடைய அச்சமும் இதுவேயன்றோ! அவர் கேட்டது தம்மைப் பற்றி எழுதாதீர் என்பதன்று. எழுதியது நான்தானா என்று பார்க்கட்டும் என்பதே.

இந்த விதிகளில் ஓரிடத்திலும் அறிவிப்பாளன் எந்நாட்டான் என்ற கேள்வி எழவில்லை. குராஸானியனுக்கு ஒரு நீதி, எகிப்தியனுக்கு ஒரு நீதி என்றில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயம் ஆறாம் வசனத்தில், ஒரு செய்தி வந்தால் தெளிவு பெறுக, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரிடும் என எச்சரிக்கிறது. பன்னிரண்டாம் வசனத்தில் ஐயத்தையும் துருவலையும் விலக்குகிறது. ஆறாம் வசனம் ‘ஒரு கூட்டத்தார்’ என்று மட்டுமே சொல்கிறது.

இனி அமானிதத்துக்கு வருவோம். ஒருவன் தன் பெயர், பிறந்த ஊர், கைரேகை, முகப்படம், உடன்பிறந்தார் விவரம் ஆகியவற்றை ஓர் அரசிடம் தருகிறான். இவை அவனுடையவை; அரசிடம் வைக்கப்பட்டவை. பேச்சும் அமானிதமாகும் என்பதற்கு நபிமொழியே சான்று: ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தால், அச்சொல் கேட்டவரிடம் அமானிதமாகிவிடுகிறது. முகாம் வாசலில் தன் குடும்பக் கதையைச் சொல்லிய ஒவ்வொருவனும் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தவனே.

அமானிதத்தைக் காக்கும் கடமை வைத்தவனுடைய தகுதியைப் பொறுத்ததன்று, வாங்கியவனைப் பற்றியது. ஹிஜ்ரத் இரவை நினைவு கூர்க. பெருமானார் (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே மக்காவாசிகளின் பொருள்கள் அவர்களிடம் அடைக்கலமாக இருந்தன. பகைவர் பொருள்தானே என்று எடுத்துச் செல்லவில்லை. அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்தி, உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரப் பணித்தார்கள். மக்காவாசிகளோ அப்போது நம்பிக்கையில் வேறானவர்; குலத்தால் பகைத்தவர். எனினும் பொருள் அவர்களுடையது.

நாம் ஓதிய ஹிதாயாவில் அடைக்கலப் பொருளைப் பற்றிய பாடத்தில் சில விதிகள் உண்டு. உரியவன் கேட்கும்போது, தர இயன்றிருந்தும் தர மறுத்தால், காப்பாளன் என்ற நிலை போய் ஈடு செய்யும் பொறுப்பாளியாகிறான். தன் வீட்டாரல்லாத மூன்றாம் கையில் கொடுத்தாலும் அவ்வாறே. பிரித்தறிய இயலாதபடி தன் பொருளோடு கலந்துவிட்டாலும் அவ்வாறே. இவற்றைப் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம்; அரசாங்க ஏட்டுக்கு இவ்வளவு பொருந்தும் என்று அந்த மாலைக்கு முன் தோன்றியதில்லை. பார்க்கக் கேட்டால் மறுப்பது முதற்குற்றம். ஒருவன் விவரத்தை மற்றொருவன் விவரத்தோடு கலப்பது இன்னொன்று. மூன்றாம் கையில் கொடுப்பதற்கு உலகறிந்த சான்று உண்டு.

பர்மாவிலிருந்து தப்பிய ரோஹிங்யா மக்களை வங்கதேச அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து பதிவு செய்தன. முகமும் கைரேகையும் எடுத்து அட்டை வழங்கினர். அட்டை இருந்தால்தான் உதவி. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு, அவ்வாறு சேர்க்கப்பட்ட விவரங்கள், திரும்பிச் செல்லும் தகுதியைச் சரிபார்க்கவென, பர்மிய அரசிடமே கொடுக்கப்பட்டன என்று வெளிப்படுத்தியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள்! தாம் பேசிய அகதிகளில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்றது அவ்வமைப்பு. உரிய விளக்கமும் இசைவும் பெற்றே செய்தோம் என ஆணையம் மறுத்தது. யார் சொல்வது சரியாயினும், வீட்டைக் கொளுத்தியவன் கையில் வீட்டை இழந்தவனின் பட்டியல் சேர்ந்தது. திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் ஆறாம் வசனம், புகலிடம் கேட்ட இணைவைப்பாளனுக்கும் புகலளித்து, அவனுக்கு அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்க்கப் பணிக்கிறது. அந்தக் கட்டளையை எண்ணும்போது இந்தச் செய்தி நெஞ்சை அறுக்கிறது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்போம். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை இந்த நாடு எளிதில் மறக்குமா? அந்நியரைக் கவனிப்பதும், ஏடு வைப்பதும் அரசின் கடமை. கொலைகாரன் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தப்ப வழி செய்யலாமா? இது நியாயமான அச்சம். நாமும் இதனை எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், பூட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பைக் கெடுப்பது, நடந்துகொண்டிருக்கும் புலனாய்வுக்கு இடையூறாவது ஆகியவற்றைத் தர மறுக்கலாம் என்று எட்டாம் பிரிவு கூறுகிறது. உளவு அமைப்புகளை 24ஆம் பிரிவு விலக்குகிறது. குடிமக்களிலும் கொலைகாரர் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வழக்கிலேயே தண்டனை பெற்றோரில் இந்நாட்டாரும் இருந்தனர். அவர்களைத் தடுக்க அந்தப் பூட்டுப் போதும் என்று நம்பும் சட்டம், பெயிண்டர் ஒருவரைத் தடுக்கக் கூடுதலாக ஒரு சுவரும் வேண்டும் என்று ஏன் கருத வேண்டும்? எழுதுக, காத்திடுக, மறைக்க வேண்டியதை மறைத்திடுக. ஆனால் மறைப்பதற்குக் காரணம் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். அவன் பிறந்த கரையில் இருக்கலாகாது.

உலகின் பெரிய அரசு இதனை எவ்வாறு கையாண்டது என்பதும் பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே அந்தரங்கச் சட்டம் வந்தது. அரசு வைத்திருக்கும் தன் ஏட்டைப் பார்க்கலாம், திருத்தலாம், தவறாக வெளியிட்டால் வழக்காடலாம். ஆனால் அந்நாட்டுக் குடிமகனுக்கும் நிரந்தர வாசிக்கும் மட்டும். 2013இல் ஸ்னோடன் வெளிப்படுத்திய செய்திகளால் ஐரோப்பா கொதித்தெழ, 2016 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமைகளில் சிலவற்றை அந்நியருக்கும் நீட்டியது. எல்லா அந்நியருக்கும் அன்று. அமெரிக்கா பட்டியலிடும் நாட்டாருக்கு. தகவல்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்த நாடாகவும், வணிகத்துக்குத் தரவு கடக்க இடம் தருவதாகவும், அமெரிக்காவின் பாதுகாப்பு நலனுக்கு இடையூறு செய்யாததாகவும் இருக்க வேண்டும். 2017இல் வந்த பட்டியலில் ஐரோப்பிய நாடுகள் இருந்தன; இந்தியா இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே புதிய அதிபர், குடிமக்களல்லாதாரை அந்தரங்கச் சட்டத்தின் காப்பிலிருந்து இயன்றவரை விலக்குமாறு ஆணையிட்டார். 2021இல் அடுத்தவர் அந்த ஆணையை நீக்கினார். 2025 ஏப்ரலில், குடியேறியவர்கள் நேர்மையாக வரி கட்டுகையில் தந்த முகவரிகளை, அவர்களைப் பிடித்து வெளியேற்றும் துறைக்கு வழங்க ஓர் உடன்பாடு ஏற்பட்டு, வழக்குகளும் எழுந்தன. கொடுக்கும் ஏடு பிடிக்கும் ஏடாயிற்று.

உரிமையை இவ்வாறு பண்டமாற்றாகத் தருவது சரிதானா? நீ தந்தால் நானும் தருவேன் என்பது வணிகத்தில் தவறன்று. அந்நிய வணிகரிடம், அவர்கள் நம்மவரிடம் வாங்கும் அளவே சுங்கம் வாங்குமாறு உமர் (ரலி) அவர்களே பணித்ததுண்டு. ஆனால் உயிரும் நம்பிக்கையும் அவ்வாறு எடைபோடப்படவில்லை. முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் உரோமர் உடன்படிக்கையை முறித்தபோது, முஸ்லிம்களின் கையில் அவர்களுடைய பிணையாளிகள் இருந்தனர். பழிக்குப் பழி கொல்ல முஸ்லிம்கள் மறுத்து, துரோகத்துக்கு நம்பிக்கையே எதிர்மொழி என்று விடுவித்துவிட்டதாக மாவர்தி எழுதுகிறார். பிணையாளி தன் அரசனுடைய செயலுக்காகத் தண்டிக்கப்படலாகாது. எனில் ஓர் இந்தியனோ ஓர் இலங்கையனோ தன் அரசு ஒப்பந்தம் செய்யவில்லை என்பதற்காகத் தன் ஏட்டைப் பார்க்க முடியாமல் நிற்பது எவ்வாறு முறையாகும்?

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பின்னர் சொல்வதாக எழுதினோம். வளைகுடாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் இரத்தமும் நெஞ்சுப் படமும் கொடுக்கிறான். தகுதியில்லை என்று ஒரு சொல் எழுதப்பட்டால், ஒரு நாட்டில் மூடிய கதவு அண்டை நாடுகளிலும் மூடிக்கொள்கிறது. பழைய காசநோயின் தழும்பா, எவனோ ஒருவனுடைய படம் மாறிவிட்டதா என்று கேட்க, கடன் வாங்கிப் பயணப்பட்ட தகப்பனுக்கு வாசல் ஏது?

சிங்கப்பூரில் நடந்ததோ இன்னும் துயரமானது. 2019 ஜனவரி 28ஆம் நாள் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, எச்.ஐ.வி. தொற்றுடைய 14,200 பேரின் பெயரும் விவரமும் இணையத்தில் கசிந்துவிட்டதாக அறிவித்தது. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர். 8,800 பேர் அந்நியர். வேலை அனுமதியோ வருகை அனுமதியோ கேட்டு, வேறு வழியில்லாமல் இரத்தம் கொடுத்தவர் அந்த 8,800 பேரில் அடங்குவர். வேலையும் போய், ஊரும் திரும்பி, மறக்கவும் முயன்றிருக்கும் ஒருவனுடைய பெயர், பல்லாண்டு கழித்து உலகத்தின் முன் விரிந்து கிடக்கிறது. அந்நாட்டின் தனிநபர் தரவுச் சட்டமோ அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. அரசுக்கு வேறு விதிகள். அவன் எந்த ஊர்த் திண்ணையில் அமர்ந்து, எவரைக் கொண்டு, யாருக்கு மனு எழுதுவான்?

நம் பிள்ளைகளுக்கு அங்கே வேண்டும் என்று நாம் கேட்பதை, இங்கே வந்தவர்களுக்குத் தர மனமில்லாவிடில், நம் கேட்பில் வலிமை இராது.

பெயிண்டருக்கு வருவோம். தகவல் உரிமைத் தாளைக் கிழித்துவிட்டு வெறும் வேண்டுகோள் மனுவொன்று எழுதத் தொடங்கினோம். ‘என்னைப் பற்றிய குறிப்பை அறியும் உரிமையின்படி’ என்று முதல் வரி. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத வேண்டிய இடத்தில் மீண்டும் நின்றோம். அவர் எட்டிப் பார்த்தார்.

“உரிமை எண்டு போட வேண்டாம் மாஸ்டர். கோவிப்பினம். தயவுகூர்ந்து எண்டு போடுங்கோ.”

அவ்வாறே போட்டோம். மகளை அவளுடைய தாயார் தனியே அழைத்துச் சென்று கல்லூரியில் சேர்த்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகல் அவரிடம் இருக்கிறது. மழை வந்தால் வீடு ஒழுகும் என்று, அதை நம் கிதாபு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதில் வந்ததா என்று மாதமொருமுறை கேட்க வருகிறார். பதில் வருமானால் அவர் முகவரிக்குத்தான் வரும் என்று நாமும் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம்.